ஒவ்வாத உணவும் நம் பிள்ளைகளும்

(கோவில் மண்டபத்தில் அன்னதானத் தொண்டூழியர்களுக்கும் பெற்றோருக்கும் நடத்தப்பட்ட சுகாதார நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை. பலருடைய வேண்டுகோளுக்கிணங்க இம்மலரில் இடம்பெறுகிறது.)

 

நான் மருத்துவர் அல்லள். 1974 முதல் 2009 வரை சிங்கப்பூரில் தாதியாகப் பணியாற்றியவள். அந்த 35 ஆண்டுகளில் பெரும்பகுதி, குழந்தைகளை எடை போடுவதிலும், தடுப்பூசி போடுவதிலும், எந்த மாதத்தில் எதை ஊட்டலாம் என்று தாய்மார்களுக்குச் சொல்வதிலுமே கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு இக்கோவிலின் அன்னதானச் சமையலில் என்னால் இயன்ற உதவியைச் செய்து வருகிறேன்.

பிள்ளைகளின் உணவு ஒவ்வாமை பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று யோசித்துப் பார்த்தேன். படிப்பாலும் பணியாலும் வந்த தகுதியைவிட, நான் செய்த பிழையால் வந்த தகுதியே பெரிதென்று தோன்றியது. ஆகவே அந்தப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று நடந்தது

2016-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. என் பேரனுக்கு அப்போது நான்கு வயது. அவனுக்கு முந்திரிப் பருப்பு ஒத்துக்கொள்ளாது என்பது இரண்டு வயதிலேயே தெரிந்துவிட்டது. மருத்துவர் தோலில் பரிசோதனை செய்து பார்த்து, முந்திரியும் பிஸ்தாவும் அறவே கூடாது என்று சொல்லி, அட்ரினலின் மருந்து நிரப்பிய ஊசிப் பேனா ஒன்றையும் எழுதிக் கொடுத்திருந்தார். என் மருமகள் எங்கே போனாலும் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே போவாள்.

எனக்கு அது மிகையாகப் பட்டது. நம் பரம்பரையில் யாருக்கு இப்படி இருந்தது, இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வருகிற சங்கதி அல்லவா என்று மனத்துக்குள் நினைத்துக்கொள்வேன். வாய்விட்டும் இரண்டொரு முறை சொல்லியிருக்கிறேன்.

அன்று மருமகள், "அத்தை, அவனுக்குப் பொங்கல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போனாள். மற்றப் பிள்ளைகள் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவதைப் பார்த்து இவன் அழுதான். நான் ஒரு தொன்னை வாங்கினேன். கண்ணுக்குத் தெரிந்த ஐந்தாறு முந்திரியையும் விரலால் பொறுக்கி எடுத்தேன். சாமி பிரசாதம் பிள்ளையை என்ன செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டு மூன்று வாய் ஊட்டினேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "பாட்டி, நாக்கு அரிக்குது" என்றான். உதடு தடித்தது. கழுத்திலும் வயிற்றிலும் சிவந்த தடிப்புகள் கிளம்பின. இருமினான், வாந்தி எடுத்தான். பிறகு குரல் கம்மி, மூச்சு விடும்போது இரைச்சல் கேட்டது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், "காணாக்கடியாக இருக்கும், விபூதி பூசுங்கள்" என்றார். 35 ஆண்டு தாதியாக இருந்த நான், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றேன்.

மருமகள் ஓடி வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், தொன்னையைப் பார்த்தாள், பேனாவை எடுத்துத் தொடையில் போட்டாள். அதன் பிறகுதான் 995-ஐ அழைத்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்து, "அத்தை, நீங்களும் ஏறுங்கள்" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். இன்றுவரை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பேரன் ஓர் இரவு மருத்துவமனையில் இருந்து நலமாக வீடு திரும்பினான். இறைவன் காப்பாற்றினான் என்று நான் சொல்வேன். அந்தக் கைப்பையில் மறவாமல் பேனாவை வைத்திருந்த தாயின் வழியாகக் காப்பாற்றினான் என்றும் சேர்த்துச் சொல்வேன்.

நான் செய்த தவறு என்ன? முந்திரியை எடுத்துவிட்டால் முந்திரி போய்விடும் என்று நினைத்தேன். முந்திரியை நெய்யில் வறுத்து, அந்த நெய்யோடு பொங்கலில் கொட்டுகிறோம். முந்திரியின் புரதம் நெய்யில் இறங்கி, பானை முழுவதும் கலந்துவிடுகிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்தச் சிறு அளவே போதும்.

ஒவ்வாமை வேறு, செரியாமை வேறு

'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஆஸ்திரிய நாட்டுக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. இன்று நாம் அந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்றாலும் அலர்ஜி, கத்தரிக்காய் தின்றால் வாய் அரிக்கிறது என்றாலும் அலர்ஜி. ஆனால் இரண்டு காரியங்களை நாம் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஒவ்வாமை. நம் உடம்பில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஒரு காவல் படை இருக்கிறது. அந்தப் படை, தீங்கில்லாத ஓர் உணவின் புரதத்தைப் பகைவன் என்று தவறாக எண்ணித் தாக்குவதே ஒவ்வாமை. பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வெளிப்படும். தடிப்பு, வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். கடுமையாகிவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். உணவின் அளவு சிறிதாக இருந்தாலும் போதும்.

இரண்டாவது, செரியாமை. இதில் காவல் படைக்கு வேலை இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க, குடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தென்னிந்திய வம்சாவளியினர் பலருக்கு வளர வளர அந்த நொதி குறைந்துவிடுகிறது. அதனால் ஒரு குவளைப் பால் குடித்தால் வயிறு உப்பும், இரையும், வயிற்றுப்போக்கும் ஏற்படலாம். தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. அளவைக் குறைத்தால் தாங்கும். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து குணமானபின் சில வாரங்கள் இப்படி இருந்து, தானே சரியாகிவிடுவதும் உண்டு.

இந்த வேற்றுமை ஏன் முக்கியம்? தயிரையும் மோரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பால் புளிக்கும்போது லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. ஆகவே பால் செரியாத பிள்ளை தயிர்சாதம் சாப்பிடலாம், மோர் குடிக்கலாம். ஆனால் பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தயிரும் மோரும் பாலைப் போலவே ஆபத்து. ஏனென்றால் புரதம் அப்படியே இருக்கிறது. நெய்யிலும் அந்தப் புரதம் சிறிதளவு தங்கியிருக்கும். ஆட்டுப்பால் கொடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அதன் புரதம் பசும்பாலின் புரதத்தைப் பெரிதும் ஒத்திருப்பதால் அதுவும் ஆகாது. ஆகவே, "என் பிள்ளைக்குப் பால் ஆகாது" என்று ஒரு தாய் சொன்னால், "ஒவ்வாமையா, செரியாமையா?" என்று கேட்பதுதான் நம் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எந்த உணவுகள்?

எந்த உணவு வேண்டுமானாலும் யாருக்கேனும் ஒவ்வாமல் போகலாம். ஆனால் பெரும்பாலும் காரணமாவது ஒரு சில உணவுகளே. சிங்கப்பூரில் பொட்டலத்தில் விற்கும் உணவுகளின் சீட்டில், பசைப் புரதமுள்ள கோதுமை போன்ற தானியங்கள், இறால் நண்டு வகை, முட்டை, மீன், நிலக்கடலையும் சோயாவும், பால், முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட் ஆகியவை கலந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். கடையில் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் சீட்டைப் படியுங்கள். போன மாதம் படித்ததே போதும் என்று இருந்துவிடாதீர்கள். கலவையை மாற்றியிருப்பார்கள்.

ஒரு சமூகம் எதை உண்கிறதோ அதுவே அங்கே ஒவ்வாமையாகவும் வருகிறது. 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில், பிள்ளைகளுக்குக் கடும் ஒவ்வாமை உண்டாக்கிய உணவுகளில் முதலிடம் பெற்றது எது தெரியுமா? சீனக் குடும்பங்களில் சத்துக்காகக் கொடுக்கும் பறவைக்கூடு. மேல்நாட்டுப் புத்தகங்களில் அதைத் தேடினால் கிடைக்காது. அதுபோல் நம் சமையலில் கொண்டைக்கடலை, கடலைமாவு, எள், கடுகு ஆகியவையும் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமல் போவதுண்டு என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று. நிலக்கடலை என்பது பயறு இனம். முந்திரி, பாதாம் ஆகியவை மரத்துக் கொட்டைகள். ஒன்று ஆகாதவருக்கு மற்றொன்று கட்டாயம் ஆகாது என்பதில்லை. ஆனால் முந்திரி ஆகாத பிள்ளைக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது. இரண்டும் நெருங்கிய உறவு.

நான் சொன்ன ஆலோசனையும் பின்னர் அறிந்ததும்

இனி என்னுடைய இரண்டாவது பிழை. இது தெரிந்து செய்ததல்ல. அக்காலத்தில் மருத்துவ உலகமே அப்படித்தான் சொன்னது. ஒவ்வாமை வரக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலையே காட்டாதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நானும் எத்தனையோ தாய்மார்களிடம் அதைச் சொல்லி அனுப்பினேன். 2008-ஆம் ஆண்டில் அக்கழகமே அந்த அறிவுரையை விலக்கிக்கொண்டது.

அதே ஆண்டில் லண்டன் பேராசிரியர் கிடியன் லாக் குழுவினர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். பிரிட்டனில் வாழும் யூதப் பிள்ளைகளுக்கு, இஸ்ரேலில் வாழும் யூதப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாக நிலக்கடலை ஒவ்வாமை இருந்தது. இனம் ஒன்றுதான். இஸ்ரேலில் கைக்குழந்தைக்கே நிலக்கடலை கலந்த பொரித் தின்பண்டம் கொடுக்கிறார்கள், பிரிட்டனில் கொடுப்பதில்லை. இதிலிருந்து பிறந்த பெரிய ஆய்வின் முடிவு 2015-ஆம் ஆண்டில் வந்தது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஒரு பாதியினர் ஐந்து வயது வரை நிலக்கடலையைத் தவிர்த்தார்கள். மறுபாதியினர் முதல் வயதிலேயே தொடங்கி ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, தவிர்த்தவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு நிலக்கடலை ஒவ்வாமை வந்திருந்தது. சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கே வந்திருந்தது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே வாங்கித் தின்று வளர்ந்த நான், எத்தனை பிள்ளைகளுக்கு அதை மறுத்தேனோ என்று எண்ணினேன்.

இளந்தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். குழந்தை திட உணவு தொடங்கும் சுமார் ஆறாம் மாதத்திற்குப் பிறகு, நன்றாக வெந்த முட்டையையும், நிலக்கடலையை மைய அரைத்துக் கஞ்சியில் கரைத்தும், சிறிது சிறிதாக, ஒரு நேரத்தில் ஒரு புது உணவாகக் கொடுத்துப் பழக்கலாம். முழுக் கடலையைக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடும் கரப்பான் உள்ள குழந்தை என்றால், அல்லது ஏற்கெனவே ஏதேனும் உணவு ஒவ்வாத குழந்தை என்றால், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். தேன் மட்டும் ஒரு வயது வரை வேண்டாம். அது ஒவ்வாமைக்காக அல்ல. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும். சேனை வைப்பதாகச் சொல்லித் தேன் தடவுவதும், கைக்குழந்தையின் நாக்கில் பஞ்சாமிர்தம் வைப்பதும் இதனால் கூடாது.

வேண்டாத பத்தியம்

நம்பாமல் ஊட்டியது என் பிழை. இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்துவது.

நான் பணியில் இருந்தபோது ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றை எடை போட்டேன். மூன்று மாதமாக எடை ஏறவேயில்லை. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான். தாய் மிகவும் அக்கறையானவர். கரப்பானுக்கு உணவுதான் காரணம் என்று உறவினர் சொன்னதைக் கேட்டு, முதலில் முட்டையை நிறுத்தினார். பிறகு பால், பிறகு மீன், பிறகு கோதுமை, பிறகு பருப்பு. கடைசியில் அந்தக் குழந்தை சோற்றுக் கஞ்சியும் காரட்டும் மட்டுமே சாப்பிட்டு வந்தது. மருத்துவர் பரிசோதித்தபோது ஒவ்வாதது முட்டை ஒன்றுதான் என்று தெரிந்தது. கரப்பானுக்குத் தோலுக்கான களிம்பும் எண்ணெய்ப் பசையும் கொடுத்து, மற்ற உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்ததும் குழந்தை தேறியது. வறுமையால் வந்த பட்டினி அல்ல அது, அன்பினால் வந்த பட்டினி.

நம் பெரியவர்கள் 'கரப்பான் பண்டம்' என்று சிலவற்றை ஒதுக்கி வைத்தார்கள். உடம்புக்கு மாறுபட்டதை விலக்க வேண்டும் என்ற கருத்தைத் திருவள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் வைத்திருக்கிறார். விலக்குவது சரி. ஆனால் எதை விலக்குவது என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு விலக்க வேண்டும்.

அதற்கு வழி என்ன? என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்தில் என்ன வந்தது என்று ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். தடிப்பு வந்தால் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பலதுறை மருந்தகத்தில் காட்டி, தேவையானால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அங்கே தோல் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்வார்கள். ஐயம் இருந்தால், மருத்துவமனையில் வைத்தே அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். இந்தக் கடைசிச் சோதனையை ஒருபோதும் வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள். தலைமுடியை அனுப்பிப் பார்க்கும் சோதனை, நூறு உணவுகளுக்கு ஒரே இரத்தச் சோதனை என்று விளம்பரம் செய்யும் ஐ.ஜி.ஜி. சோதனை ஆகியவற்றால் உணவு ஒவ்வாமையை அறிய முடியாது. நூற்றுக்கணக்கான வெள்ளியைக் கொடுத்து, தேவையில்லாத பத்தியத்தை வாங்கி வராதீர்கள்.

பால் ஆகாத பிள்ளையை வளர்ப்பது

பசும்பால் ஒவ்வாத கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது. சில வேளைகளில் தாயும் பால் உணவைத் தவிர்க்க வேண்டியிருக்கும். அதை மருத்துவர் சொல்வார். புட்டிப்பால் என்றால் அதற்கென்று தயாரித்த மாவு இருக்கிறது. அரிசிப்பாலோ பாதாம்பாலோ கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தைப் பிடிக்க முடியாது.

வளர்ந்த பிள்ளைக்கு நம் சமையலில் வழிகள் பல உண்டு. 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. கேழ்வரகுக் கூழோ தோசையோ, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, தௌஃபு, சுண்ணாம்புச் சத்து சேர்த்த சோயாப்பால் ஆகியவற்றை, அந்தப் பிள்ளைக்கு எது ஆகுமோ அதைப் பார்த்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். அசைவம் உண்பவர்கள் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியையும் சேர்க்கலாம். சைவக் குடும்பத்துப் பிள்ளை பாலும் சாப்பிடவில்லை என்றால், பி12 வைட்டமின் குறைந்துபோகும். அதற்கு மருத்துவரிடம் சொட்டு மருந்தோ மாத்திரையோ கேட்டு வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எடையும் உயரமும் பாருங்கள். அந்த வளர்ச்சிக் கோடுதான் நம் சமையலுக்குக் கிடைக்கும் மதிப்பெண்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. பால், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர அது நீங்கிவிடுகிறது. நிலக்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே நீங்குகிறது. ஆகவே ஒரு முறை விலக்கியதை ஆயுள் முழுவதும் விலக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு பரிசோதனைக்குப் போங்கள்.

ஆபத்து நேரத்தில்

இதைத் தொண்டூழியர்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உணவு சாப்பிட்ட பிறகு மூச்சிரைப்பு, குரல் கம்முதல், நாக்கு வீக்கம், மயக்கம், பிள்ளை துவண்டு வெளிறிப்போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அது கடும் ஒவ்வாமை.

உடனே அட்ரினலின் ஊசிப் பேனாவைத் தொடையின் வெளிப்பக்கம் போட வேண்டும். உடையைக் கழற்றக்கூட வேண்டியதில்லை. பிறகு சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேலாகியும் தேறவில்லை என்றால், இரண்டாவது பேனா இருந்தால் போட வேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் மருந்து இதைத் தடுக்காது. ஊசி போட்டுச் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கும் போகக் கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம்.

விபூதி பூச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸை அழைத்துவிட்டுப் பூசுங்கள்.

நம் மடைப்பள்ளியில்

அன்னதானம் நம் பெருமை. ஆனால் நம் உணவில் எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். புளியோதரையில் நிலக்கடலையும் எள்ளும். கேசரியில் ரவை, அதாவது கோதுமை, அதோடு நெய்யும் முந்திரியும். பாயசத்தில் பால், சேமியா, சில வேளை அரைத்த முந்திரி. சாம்பாரில் பெருங்காயம். கடைகளில் விற்கும் பெருங்காயத் தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது.

என் பேரனுக்கு அப்படி நேர்ந்த பிறகு, குழுவினரின் அனுமதியோடு நாங்கள் சில சிறு மாற்றங்களைச் செய்தோம். ஒவ்வோர் அண்டாவுக்கு முன்னும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை வைக்கிறோம். முந்திரி சேர்ப்பதற்கு முன்பே ஒரு பாத்திரம் பொங்கலைத் தனியே எடுத்து, தனிக் கரண்டியோடு மூடி வைக்கிறோம். ஒரு கரண்டியை இன்னோர் அண்டாவில் விடுவதில்லை. சமையல் முழுவதையும் அறிந்த ஒருவர் பந்தி முடியும்வரை அங்கே இருக்கிறார். இதற்கு ஆன செலவு, அட்டைகளும் நான்கு கரண்டிகளும்தான்.

பரிமாறுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. யாராவது "இதில் பால் இருக்கிறதா?" என்று கேட்டால், அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். "இருக்காதம்மா, பரவாயில்லை, சாப்பிடுங்கள்" என்று உபசாரத்துக்காகச் சொல்லாதீர்கள். உபயதாரர்களும் தாங்கள் கொண்டுவரும் பலகாரத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதித் தாருங்கள்.

பெற்றோர்களே, பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வது அபசாரம் ஆகாது. விபூதியும் குங்குமமும் ஒரு பூவும் பிரசாதமே. கையை நீட்டி அவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டிமார்களே, உங்களிடம் நான் கைகூப்பிக் கேட்கிறேன். பிள்ளைக்கு இது ஆகாது என்று உங்கள் மகளோ மருமகளோ சொன்னால் நம்புங்கள். நாம் வளர்த்த காலத்தில் இப்படி இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நம் மடியில் இன்று உட்கார்ந்திருப்பது இந்தக் காலத்துப் பிள்ளை.

என் பேரன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். முந்திரி இன்னும் அவனுக்கு ஆகாது. விசேஷ நாள்களில் என்னோடு வந்து பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறான். சாப்பிட உட்காரும் முன் அவனே அட்டையைப் படித்துப் பார்க்கிறான், பிறகும் ஒரு முறை, "அண்ணே, இது தனியா எடுத்து வச்ச பொங்கல்தானே?" என்று கேட்டுக்கொள்கிறான். ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் சாப்பிடுகிறான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.